லாரிக்காரங்க மன்றமும் ஒரு பிரஷர் மெஷினும்

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் கிளினிக் வைத்திருக்கும் டாக்டர்கள், வந்து உட்காரும் ஆளிடம் "என்ன பண்ணுது?" என்று கேட்ட கையோடு இன்னொரு கேள்வியும் கேட்டுவிடுவோம்.

"மறுபடி எப்போ லைனுக்கு?"

லைன் என்றால் லாரி எடுத்துக்கொண்டு வெளிமாநிலம் போவது. வேறு ஊர் டாக்டர் 5 நாளுக்கு மாத்திரை எழுதி, "முடிஞ்சதும் வந்து காட்டுங்க" என்று அனுப்பிவிடலாம். இங்கே அந்த 5ஆம் நாள் ஆள் நாக்பூரைத் தாண்டிப் போய்க்கொண்டிருப்பார். அதனால் மருந்துச் சீட்டை நடைக் கணக்கில்தான் எழுதணும். ஒரு நடைக்கு இத்தனை மாத்திரை. திரும்பி வர லோடு கிடைக்காமல் ஹால்ட் ஆகிவிட்டால் கூடுதலாக ஒரு அட்டை.

ஊர் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகள் வரிசை கட்டி நிற்கும். சமையல் கேஸ் ஏற்றும் டேங்கர்களுக்கும் இதுதான் பேர் போன ஊர். திருச்செங்கோடு என்றால் ரிக் வண்டி. வட மாநிலத்தில் எங்கோ ஒரு கிராமத்தில் போர் போட்டுக்கொண்டிருக்கும் வண்டியில் இந்த ஊர்ப் பெயரைப் பார்த்திருப்பீர்கள். சங்ககிரியில் லாரி சம்பந்தம் இல்லாத வீட்டைத் தேடணும்.

இந்த த்ரெட் இந்தப் பக்கத்தில் இருக்கும் ஒரு லாரிக்காரர் மன்றத்தைப் பற்றி. கொஞ்சம் நீளம். டீ எடுத்துக்கிட்டு வந்து படிங்க. மன்றத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. வரும் ஆட்களின் வயது, ஊர் எல்லாம் மாற்றியிருக்கிறேன். அவர்களிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடுகிறேன். "மனமகிழ் மன்றம்" என்று போர்டைப் பார்த்தாலே தமிழ்நாட்டில் நமக்கு ஞாபகம் வருவது சீட்டும் சரக்கும்தான். பாதி மன்றங்கள் அந்த லைசென்சுக்காகவே நடக்கின்றன என்று ஊரே பேசும். இந்த மன்றம் அப்படி இல்லை. உள்ளே குடிக்கக் கூடாது, காசு வைத்து சீட்டு ஆடக் கூடாது. இரண்டும் சுவரில் பெயின்டில் எழுதியிருக்கும். எழுதியவர் லாரி பாடிக்குப் படம் வரையும் ஆர்ட்டிஸ்ட். அதனால் தடை உத்தரவைச் சுற்றி இரண்டு தாமரை, மேலே ஒரு கழுகு. போர்டே லாரியின் நெற்றி மாதிரிதான் இருக்கும்.

உள்ளே என்ன இருக்கு? ஆஸ்பெஸ்டாஸ் கூரை, நாலு ஃபேன், கேரம் போர்டு, ஒரு டிவி, மூணு பேப்பர், பின்னால் குளிக்க ஒரு தொட்டி. மாசம் 100 ரூபாய் சந்தா. ஓட்டுகிறவர், ஓட்டி ஓய்ந்தவர், கிளீனர், பட்டறைக்காரர், புக்கிங் ஆபீஸ் ஆள் எல்லாம் உறுப்பினர்கள். ஒரு லாரி, ரெண்டு லாரி வைத்துக்கொண்டு தானே ஓட்டும் ஓனர்களும் உண்டு. பெரிய ஓனர்களுக்குத் தனியாகச் சங்கம் இருக்கு, அங்கே பேச்சு வேற.

நான் அங்கே போனது ஒரு பிரஷர் மெஷினால்.

ஒரு அண்ணன், 49 வயசு, டாரஸ் ஓட்டுகிறவர். என் கிளினிக்கில் எப்போது பார்த்தாலும் பி.பி. 160க்கு மேல். மாத்திரையைக் கூட்டலாம் என்று பேனாவை எடுத்தேன்.

"இருங்க டாக்டருங்க. மன்றத்துல பாத்தா 138 தானுங்க காட்டுது."

எந்த மன்றம், என்ன மெஷின் என்று கேட்டால், யாரோ ஒரு உறுப்பினர் மகன் வாங்கிக் கொடுத்த பேட்டரி மெஷினாம். சரி, அது தப்பாகக் காட்டுகிறது, அதை நம்பி ஊரில் பாதிப் பேர் மாத்திரையை நிறுத்தி இருப்பார்கள் என்று எனக்குக் கவலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மெஷினை எடுத்துக்கொண்டு நேரே போய்விட்டேன். பத்துப் பேருக்கு இரண்டிலும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். மெஷினில் ஒரு குறையும் இல்லை. கைப்பட்டைதான் சிறியது, தடித்த கைக்குச் சின்னப் பட்டை சுற்றினால் அழுத்தம் இருப்பதை விடக் கூடுதலாகக் காட்டும். ஆனால் அந்த அண்ணனுக்கு அதிலும் குறைவாகத்தான் காட்டியது. என் மெஷினிலும் 136.

மெஷின் அதேதான். ஆள்தான் வேறு. கிளினிக்கில் அவர் இரண்டு மணி நேரம் டோக்கனுக்கு உட்கார்ந்து, அன்று சாயங்காலம் லோடு ஏற்றணும் என்ற பதட்டத்தோடு என் முன்னால் வருவார். மன்றத்தில் குளித்து, சாப்பிட்டு, கேரம் ஆடிவிட்டுக் கையை நீட்டுவார். வெள்ளைக் கோட்டு ரத்த அழுத்தம் என்று பாடத்தில் படித்ததுதான். இவ்வளவு சுத்தமாக அதை நான் பார்த்ததில்லை. (அதற்காக 138 என்பதும் விட்டுவிடக்கூடிய எண் இல்லை. மாத்திரை தொடர்கிறது, கூட்டவில்லை, அவ்வளவுதான்.)

பெரிய கைப்பட்டை ஒன்று வாங்கிக் கொடுத்தேன். அதிலிருந்து மாசம் ஒரு ஞாயிறு போகிறேன்.

டிரைவர் உடம்பைப் பற்றிக் கொஞ்சம் பேசணும், அப்போதுதான் மற்றது புரியும்.

உடற்பயிற்சிக்கும் இதயத்துக்கும் உள்ள தொடர்பை முதன்முதலில் பெரிய அளவில் காட்டிய ஆய்வு எதில் நடந்தது தெரியுமா? லண்டன் மாடி பஸ்ஸில். ஜெரி மோரிஸ் என்ற டாக்டரும் அவர் கூட்டாளிகளும் 1953இல் லான்செட் இதழில் எழுதினார்கள். ஒரே பஸ், ஒரே ஊர், ஒரே மாதிரி வசதியுள்ள குடும்பங்கள். டிரைவர் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறார். கண்டக்டர் நாள் முழுக்க மாடிப்படி ஏறி இறங்குகிறார், ஒரு ஷிப்டுக்கு நூற்றுக்கணக்கான படிகள். டிரைவருக்கு மாரடைப்பு அதிகமாக வந்தது. வந்தவர்களில் சீக்கிரமே இறந்தவர்கள் விகிதமும் கண்டக்டர்களை விட அதிகம்.

"டிரைவர் வேலைக்குச் சேரும்போதே குண்டாக இருந்திருப்பார், அதனால்தான்" என்று சந்தேகம் வருமே? மோரிசுக்கும் வந்தது. போக்குவரத்துக் கழகம் தைத்துக் கொடுத்த யூனிஃபார்ம் கால்சட்டைகளின் இடுப்பளவுக் கணக்கை எடுத்துப் பார்த்து, அதையும் 1956இல் வெளியிட்டார். ஆமாம், டிரைவர்களின் இடுப்பு ஆரம்பத்திலிருந்தே கொஞ்சம் பெரிசுதான் என்று தன் ஆய்வுக்குத் தானே கேள்வி வைத்தார். எனக்கு மோரிசை அதனாலேயே ரொம்பப் பிடிக்கும். 99 வயசு வரை இருந்தார் மனுசன்.

லண்டன் டிரைவர் ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போவார். நம்ம ஆள் சீட்டிலேயே வாழ்கிறார். ஒன்றுக்குப் போக வண்டியை நிறுத்தணுமே என்று தண்ணீர் குடிக்காமல் இருப்பார், கிட்னியில் கல். முதுகு பற்றிச் சொல்லவே வேண்டாம். வலி ஊசி போடாத டிரைவரை நான் இன்னும் பார்க்கவில்லை. கன்னத்துக்குள் புகையிலை. வலது பக்கம் கன்னமும் கையும் மட்டும் கருத்து, தடித்து, சுருங்கிப் போயிருக்கும், ஜன்னல் வெயில். 2012இல் ஒரு பிரபல அமெரிக்க மருத்துவ இதழில் 28 வருசம் டிரக் ஓட்டிய 69 வயதுக்காரர் படம் ஒன்று வந்தது; முகத்தில் ஒரு பாதிக்கு மட்டும் வயசாகியிருக்கும். அங்கே ஸ்டியரிங் இடது பக்கம், அதனால் இடது கன்னம். படத்தை மன்றத்தில் போனில் காட்டினேன். கை சுற்றி வந்து, கடைசியில் ஒரு பெரியவர் தன் வலது கன்னத்தை போனுக்குப் பக்கத்தில் வைத்து, "கண்ணாடியில பாத்த மாதிரி இருக்குதுங்க" என்றார்.

மாத்திரை எழுதுவதிலும் கவனம் வேணும். சர்க்கரைக்கு கிளிமிபிரைடு மாதிரி மாத்திரையைக் காலையில் போட்டுவிட்டு, மதியம் தாபா கிடைக்காமல் பட்டினியாக ஓட்டினால் சர்க்கரை தாழ்ந்து கை நடுங்கும், பார்வை மங்கும். அது 30 டன் வண்டியில் நடக்கும். அதனால் லைன் டிரைவருக்கு முடிந்தவரை சர்க்கரையைத் தாழ்த்திவிடாத மருந்துகள்தான் என் தேர்வு. சிறுநீர் அதிகம் போகவைக்கும் பி.பி. மாத்திரையை எழுதிக் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள், போட மாட்டார்கள். மெடிக்கலில் சளிக்கும் அரிப்புக்கும் கேட்டு வாங்கும் மாத்திரைகளில் பல தூக்கத்தைக் கொண்டுவரும். உங்கள் வீட்டில் டிரைவர் இருந்தால், எந்த டாக்டரிடம் போனாலும் முதல் வரியிலேயே "வண்டி ஓட்டுறவருங்க" என்று சொல்லிவிடுங்கள்.

தூக்கம்தான் எல்லாவற்றுக்கும் மேலே. 1997இல் நேச்சர் இதழில் இரண்டு ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் எழுதியது: 17 மணி நேரம் தூங்காமல் இருப்பவரின் கையும் கண்ணும் ஒத்துழைக்கும் திறன், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் இருப்பவர் அளவுக்குக் குறைந்துவிடுகிறது. 24 மணி நேரம் என்றால் 0.10. நம் நாட்டில் குடித்துவிட்டு ஓட்டியதாக வழக்குப் போடும் வரம்பு 0.03. அப்படியானால் விடியற்காலை 3 மணிக்கு ஒரு சொட்டுக்கூடக் குடிக்காத டிரைவர் ஊதினால் மெஷின் பச்சை காட்டும், மூளை சிவப்பு காட்டும்.

சட்டம் இல்லையா என்றால், 1961லேயே மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வந்துவிட்டது. நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48. தொடர்ந்து 5 மணி நேரம் ஓட்டினால் அரை மணி ஓய்வு. ஓய்வறை பற்றிக்கூட அதில் இருந்தது. ஆனால் அது 5 பேருக்குக் குறையாமல் வேலை பார்க்கும் இடத்துக்கு. ஒரு லாரி, ரெண்டு லாரி ஓனர்களிடம் ஓட்டுபவர்கள் எங்கே போவார்கள்? தேசிய பெர்மிட் வண்டிக்கு இரண்டு டிரைவர் வேணும் என்ற விதியும் 2018இல் போய்விட்டது. கிளீனர் வைத்துக்கொள்ள இப்போது வாடகை கட்டுவதில்லை என்கிறார்கள். கிளீனர் என்றால் கண்ணாடி துடைப்பவர் என்று நினைப்போம். நடு ராத்திரி 2 மணிக்குப் பேச்சுக் கொடுத்து டிரைவரை முழிக்க வைத்திருந்தவர் அவர்தான். இப்போது அந்த சீட்டில் தண்ணீர் கேனும் போர்வையும் இருக்கு.

2025 அக்டோபரிலிருந்து தயாரிக்கும் பெரிய லாரிகளுக்கு ஏ.சி. கேபின் கட்டாயம். நல்ல விஷயம், வெயில் களைப்பு குறையும். மன்றத்தில் இதைச் சொன்னால், "பழைய வண்டிக்காரன் நெலமை? எங்களுக்கு ஆண்டவன் வச்ச ஏ.சி. தானுங்க" என்று சிரிக்கிறார்கள்.

இப்போது மன்றத்தில் இருக்கும் ஒரு நோட்டைப் பற்றிச் சொல்லணும்.

வாசலுக்குப் பக்கத்தில் ஒரு மேஜை. அதில் நீளமான கணக்கு நோட்டு, நூல் கட்டிய பேனா. லைனுக்குப் போகிற உறுப்பினர் பெயர், வண்டி நம்பர், போகும் ஊர், வீட்டு நம்பர் எழுதிவிட்டுப் போகணும். திரும்பி வந்தால் அந்த வரியை அவரே அடிக்கணும். போன் இல்லாத காலத்தில் ஆரம்பித்த பழக்கமாம். இப்போது ஜி.பி.எஸ். வந்துவிட்டது, ஓனருக்கு வண்டி எங்கே நிற்கிறது என்று கைபேசியில் தெரியும். ஆனாலும் நோட்டு நிற்கவில்லை. ஜி.பி.எஸ். வண்டியைத்தான் காட்டும் என்பது செயலாளரின் கட்சி.

அந்த நோட்டுக்கு என்ன வேலை என்பதை மூன்று வருசம் முன்னால் பார்த்தேன்.

47 வயசுக்காரர். எனக்குத் தெரிந்தவர், மன்றத்தில் பி.பி. பார்த்திருக்கிறேன், மாத்திரையை விட்டு விட்டுப் போடுபவர். காந்திதாமுக்கு லோடு கொண்டுபோனார். அங்கே பார்க்கிங்கில் கேபினில் படுத்தவர் காலையில் எழுந்திருக்கவில்லை. பக்கத்து வண்டிக்காரர் தட்டிப் பார்த்து, போலீசுக்குச் சொல்லி, அவர் போனிலிருந்தே வீட்டுக்குத் தகவல். வீட்டில் அவர் மனைவியும், பிளஸ் டூ படிக்கும் மகளும். மனைவி முதலில் கூப்பிட்டது மன்றத்தை.

செயலாளர் நோட்டைத் திறந்து, அடிக்காத வரிகளை விரலால் தடவிக்கொண்டே போனார். ராஜ்கோட்டில் ஒருவர், அகமதாபாத் தாண்டி ஒருவர். இரண்டு பேருக்கும் போன். ராஜ்கோட்காரர் தன் லோடை இறக்கிவிட்டு வண்டியோடு போனார். இன்னொருவர் பஸ் பிடித்துப் போனார். ஒருவர் போஸ்ட்மார்ட்டம் முடியும் வரை ஆஸ்பத்திரி வாசலில் இருந்தார். ஹிந்தி தெரிந்தவர் அவர்தான். மற்றவர் இறந்தவரின் வண்டியைப் பொறுப்பெடுத்து லோடை இறக்கினார். இல்லாவிட்டால் லோடு தாமதத்துக்கு வாடகையில் பிடிப்பார்கள், அது அந்தக் குடும்பத்துக்கு வரவேண்டிய பணத்திலும் இழுபறி ஆகும். ஆம்புலன்ஸ் வாடகை மன்ற நிதியிலிருந்து பாதி, வசூல் பாதி. 4ஆம் நாள் விடியற்காலை உடல் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. காரியம் முடிந்து வந்த செயலாளர் நோட்டில் அந்த வரியை அடித்தார். ஊருக்குத் திரும்பி வந்தால் அடிக்கணும் என்பதுதானே விதி என்றார்.

என் வேலையைப் பொறுத்தவரை இந்த மன்றம் எனக்கு ஒரு பெரிய உதவி. அதற்கு இன்னொரு கதை.

கனரக வாகன லைசென்சைப் புதுப்பிக்க டாக்டர் சர்ட்டிபிகேட் வேணும். படிவம் 1-ஏ. 2019 திருத்தத்துக்கு முன் 3 வருசத்துக்கு ஒருமுறை புதுப்பித்தார்கள், இப்போது 5 வருசம். ஆபத்தான சரக்கு ஏற்றும் வண்டி என்றால் 3 வருசம். பார்வை, நிறம் பிரித்தறிவது, மாலைக்கண், காது, கை கால் எல்லாம் பார்த்துக் கையெழுத்துப் போடணும். 25 மீட்டர் தூரத்தில் இருக்கும் நம்பர் பிளேட்டைப் பகல் வெளிச்சத்தில் படிக்க முடியணும். நடைமுறையில் பல இடத்தில் என்ன நடக்கிறது என்று உங்களுக்கே தெரியும். ஆளே வராமல் படிவம் மட்டும் வந்து போகும். நான் பார்க்காமல் போடுவதில்லை. இதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை, அதற்குத்தான் கையெழுத்து.

52 வயசு டேங்கர் டிரைவர் ஒருவர் வந்தார். கேஸ் டேங்கர். 15 வருசமாகச் சர்க்கரை. வாசலுக்கு அழைத்துப்போய் எதிர்ச்சாரியில் நின்ற காரைக் காட்டினேன். இடது கண்ணால் பாதி எழுத்துதான் வந்தது. வலது கண்ணால் கார் வெள்ளையா சில்வரா என்பதே யோசனையாக இருந்தது. விழித்திரை பரிசோதனைக்கு அனுப்பினேன். கோயமுத்தூரில் பார்த்தார்கள். சர்க்கரை இரண்டு விழித்திரையையும் அரித்திருக்கிறது. லேசர் வைக்கலாம், ஊசி போடலாம், மேலும் கெடாமல் நிறுத்தலாம். போனதில் எவ்வளவு திரும்பி வரும் என்று சொல்ல முடியாது.

"போட முடியாதுங்க" என்றேன்.

"டாக்டருங்க, மங்களூர் ரோடு எனக்கு மனப்பாடமுங்க. கண்ணை மூடிட்டே போவனுங்க."

"அதாங்க பயமா இருக்கு."

சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "நீங்க போடலைன்னா அடுத்த தெருவுல போடுவாங்க" என்றார். மிரட்டலாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னார். மகன் கல்லூரியில், வீட்டுக் கடன் பாதியில், தெரிந்த தொழில் ஒன்றே ஒன்று. அவர் அடுத்த தெருவுக்குப் போய் 300 ரூபாயில் கையெழுத்து வாங்கி, மறுநாள் 18 டன் கேஸை எடுத்துக்கொண்டு மலை இறங்குவார். என் "முடியாது" காகிதத்தில்தான் இருக்கும், ரோட்டில் இருக்காது.

மருத்துவக் கல்லூரியில் "தகுதி இல்லை" என்று எழுதச் சொல்லிக் கொடுத்தார்கள். எழுதிய பிறகு அந்த ஆள் எங்கே போவார் என்பது சிலபஸில் இல்லை.

"மன்றத்துல பேசலாமுங்களா? உங்க சம்மதம் இல்லாம நான் வாயைத் திறக்க மாட்டேன்" என்று கேட்டேன். யோசிக்கணும் என்று போனார். அன்று ராத்திரி 9 மணிக்கு போன். "பேசுங்க. ஆனா கண்ணு போச்சுன்னு சொல்லாதீங்க. சர்க்கரை ஜாஸ்தின்னு சொல்லுங்க." அப்படியே சொன்னேன். செயலாளரும் மேலே ஒன்றும் கேட்கவில்லை. முப்பது வருசமாக இதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார், அவருக்குப் புரியாதா.

பத்து நாள் ஆயிற்று. டேங்கர் நிறுத்தும் யார்டு ஒன்றில் வண்டிகளை உள்ளே விட்டு, டயர், வால்வு, பேப்பர் எல்லாம் சரி பார்த்து அனுப்பும் வேலை. பகல் ஷிப்ட் மட்டும். சம்பளம் ஓட்டியதில் பாதி கூட இல்லை. துண்டு விழும் தொகையில் ஒரு பகுதியை 6 மாசத்துக்கு மன்றம் கொடுத்தது. பையனின் அந்த வருசக் கட்டணத்தை இரண்டு ஓனர்கள் பகிர்ந்துகொண்டார்கள், கடனாகத்தான், சும்மா இல்லை. லேசர் வைத்துக்கொண்டார்.

அவர் என்னிடம் நன்றி சொன்னார் என்று எழுத ஆசைதான். இல்லை. அதற்கப்புறம் அவர் என் கிளினிக் பக்கமே வரவில்லை, சர்க்கரைக்கு வேறு டாக்டரைப் பார்க்கிறார். மன்றத்தில் என்னைப் பார்த்தால் தலையை மட்டும் ஆட்டுவார். பி.பி. பார்க்கக் கையை நீட்ட மாட்டார். 27 வருசம் ஓட்டியவரை ஒரு வாக்கியத்தில் இறக்கிவிட்டவன் நான். இருக்கட்டும். டேங்கர் யார்டில் நிற்கிறது, அவர் கீழே நிற்கிறார்.

இந்த மன்றத்துக்கு இவ்வளவு ஒட்டு எப்படி வந்தது என்று பழைய ஆட்களிடம் கேட்டிருக்கிறேன். ஒரு பதில் எனக்கு எதிர்பாராதது. எய்ட்ஸ் காலம் என்றார்கள்.

1986இல் சென்னையில்தான் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்று கண்டுபிடிக்கப்பட்டது, டாக்டர் சுனிதி சாலமன் குழுவினர் கண்டுபிடித்தார்கள். அடுத்த 15 வருசத்தில் அது நெடுஞ்சாலை வழியே போனபோது, நாமக்கல் பெயரும் அடிபட்டது. 2003இல் ஊரெல்லாம் "புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?" என்று பேனர் நின்றது நினைவிருக்கும். விழிப்புணர்வு பரவியது, அது தேவையாகவும் இருந்தது. டிரைவர் வீட்டில் மட்டும் அது வேறு மாதிரி இறங்கியது. பெண் கொடுக்க யோசித்தார்கள். மெலிந்து போய் வந்தால், காசநோயாகவே இருந்தாலும், தெருவில் பார்வை மாறியது. கல்யாண வீட்டில் பந்தியில் பக்கத்து இலைக்காரர் எழுந்து போனதை ஒரு பெரியவர் சொன்னார். அந்தக் காலத்தில் ஒரே தட்டில் கை வைத்துச் சாப்பிட்ட இடம் மன்றம்தான் என்றார். நோய் இருந்த உறுப்பினர்களும் இருந்தார்கள், யார் என்று வெளியே போகவில்லை. இன்று கூட்டு மருந்து மாத்திரை இலவசமாகக் கிடைக்கிறது, ஒழுங்காகப் போட்டால் சராசரி ஆயுள் வாழலாம். அன்று தப்பித்து வந்த ஒருவர் இன்றும் வந்து பேப்பர் படித்துவிட்டுப் போகிறார். அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

குறை இல்லாத இடம் என்று நினைக்க வேண்டாம். பெண்கள் உள்ளே வருவது வருசத்துக்கு ஒரு நாள், ஆயுத பூஜைக்கு. காந்திதாம் சம்பவத்தில் முதல் போன் செய்தது ஒரு மனைவிதான், ஆனால் நோட்டில் எழுதும் உரிமை புருசனுக்கு மட்டும். வீட்டில் சர்க்கரை மாத்திரையைப் பார்த்து எடுத்து வைப்பவர்களும் அவர்கள்தான், நான் பேசும் ஞாயிற்றுக்கிழமை அவர்கள் இருப்பதில்லை. சொல்லிக்கொண்டே இருக்கிறேன். "பாக்கலாமுங்க" என்கிறார்கள். கொங்கு நாட்டில் பாக்கலாமுங்க என்றால் என்ன அர்த்தம் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

இளவட்டங்களும் குறைவு. டிரைவர் மகன்கள் டிரைவர் ஆவதில்லை, அதைக் குறை சொல்ல நான் யார். சந்தா குறைகிறது, கூரை ஒழுகுகிறது.

இப்போது மன்றத்தில் நடக்கும் சண்டை வேறு. பட்டறைக்குப் பாடி கட்டவும், எஃப்.சி. வேலைக்கும் வண்டி கொண்டுவரும் வட மாநில டிரைவர்கள் நாள்கணக்கில் காத்திருக்கிறார்கள். படுக்கை லாரிக்கு அடியில். கேரம் ஆடும் அறையில் ஆறு கட்டில் போட்டு அவர்களுக்குக் கொடுக்கலாம் என்று ஒரு கோஷ்டி. நம்ம சந்தாவில் கட்டின இடம், சாமான் போச்சுன்னா யார் பொறுப்பு என்று இன்னொரு கோஷ்டி. போன கூட்டத்தில், "கான்பூர்ல மழையில எனக்கு எடம் குடுத்தவன் எங்கிட்ட சந்தா கேட்டானா?" என்று ஒருவர் எழுந்து கத்த, "உனக்குக் குடுத்தான், எனக்கு நாயை அவுத்து விட்டான்" என்று இன்னொருவர் உட்கார்ந்தபடியே சொல்ல, கூட்டம் சிரித்துக் கலைந்துவிட்டது. ஆயுத பூஜைக்கு முன்னால் முடிவு எடுக்கணும்.

எனக்கு அங்கே ஓட்டு கிடையாது. ஆனால் போன வாரம் பட்டறையில் காய்ச்சலோடு படுத்திருந்த ஒரு பிகார் பையனை என் கிளினிக்குக் கொண்டுவந்தார்கள். 23 வயசு, டெங்கு, தட்டணுக்கள் பயப்படும் அளவுக்கு இல்லை, ஆனால் நிழலில் படுக்கணும், நேரத்துக்கு நீர் குடிக்கணும், ரெண்டு நாளைக்கு ஒருமுறை ரத்தம் பார்க்கணும். அட்மிஷன் போட அவனிடம் காசு இல்லை. செயலாளருக்கு போன் செய்தேன். கேரம் போர்டைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு இடம் போட்டிருக்கிறார்கள். நாயை அவிழ்த்துவிட்ட கதை சொன்னவர் வீட்டிலிருந்துதான் கஞ்சி வருகிறது. நோட்டில் அவன் பெயரையும் எழுதியிருக்கிறார்கள், போகும் ஊர் என்ற இடத்தில் சமஸ்திபூர் என்று.

தீர்மானம் இன்னும் போடவில்லை.